இரு கிளை நரம்பும் ஒன்பது என்ற அளவும்: மணிக்கட்டு அல்ட்ராசவுண்ட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வலிகாமத்தைச் சேர்ந்த 52 வயதுப் பெண் ஒருவர் வலது கை விறைப்புக்காக யாழ்ப்பாணத்திலுள்ள எமது சிகிச்சை நிலையத்துக்கு வந்தபோது, வேறோர் இடத்தில் எடுத்த அல்ட்ராசவுண்ட் அறிக்கையையும் கையோடு கொண்டு வந்திருந்தார். வலது மணிக்கட்டில், அதனூடாக விரல்களுக்குச் செல்லும் மீடியன் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 9 சதுர மில்லிமீற்றர், இயல்பானது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதே மணிக்கட்டை நாம் அளந்தபோது 16 சதுர மில்லிமீற்றர் கிடைத்தது. இரண்டு அளவுகளுக்கும் இடையே கழிந்தது ஐந்து வாரம் மட்டுமே. அந்த ஐந்து வாரத்தில் நரம்பு அவ்வளவு வீங்கிவிடவில்லை. முதல் தடவை நரம்பின் ஒரு பாதி மட்டுமே அளக்கப்பட்டிருந்தது. அது எப்படி நேர்ந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், அதனால் சிகிச்சையில் என்ன மாறியது என்பதைப் பதிவு செய்வதற்காகவே இந்த ஆய்வை எழுதுகிறேன். நோயாளியின் சம்மதம் பெறப்பட்டுள்ளது; அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நோயாளியின் வரலாறு

இவர் பதினைந்து வருடங்களுக்கு மேலாக வீட்டிலிருந்து இடியப்பம் அவித்து அயலிலுள்ள கடைகளுக்குக் கொடுத்து வருபவர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மா குழைத்து, விடிவதற்கு முன் ஏறத்தாழ நானூறு இடியப்பம் பிழிந்து முடிப்பார். பிழிவது இரண்டு கைப்பிடிகள் கொண்ட மர உரலால். தொழிலின் விபரத்தைக் கேட்டு எழுதினால் மட்டும் போதாது என்று எண்ணி, மேசையில் இருந்த ஒரு பெட்டியை உரலாகப் பாவனை செய்து பிழிந்து காட்டச் சொன்னேன். இரு கைப்பிடிகளிலும் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மணிக்கட்டுகளைப் புறங்கைப் பக்கமாக நன்றாக மடித்து, தோளிலிருந்து வரும் முழுப் பாரத்தையும் அந்த மடிப்பின் ஊடாகவே இறக்கினார். வலது கைதான் கூடுதலாக அழுத்தியது.

விறைப்புத் தொடங்கிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆரம்பத்தில் இரவில் மட்டும் இருந்தது, பின்னர் தேங்காய் திருவும்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் வரத் தொடங்கியது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வைத்தேன்: "ராவிலை ரண்டு மணிக்கு விறைச்சு எழும்பீடுவன் டொக்டர். கையைக் கீழை தொங்கப்போட்டு உதறினாத்தான் உயிர் வரும்." தூக்கத்தில் எழுந்து கையை உதறுவதாக ஒரு நோயாளி தானாகவே சொல்வது, மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் நோய்க்கு (கார்ப்பல் டனல் நோய்) மிக வலுவான ஓர் அறிகுறி. அறிக்கை என்ன சொன்னாலும் இந்த வாக்கியத்தை ஒதுக்கிவிட முடியாது என்று அப்போதே எனக்குப் பட்டது.

இடையில் அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டு, கழுத்துப் பட்டி கொடுக்கப்பட்டிருந்தது. கழுத்து எக்ஸ்றேயில் தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் ஐம்பது வயதைக் கடந்த எத்தனையோ பேரின் எக்ஸ்றேயில், எந்த நோவும் இல்லாத போதும், அது இருக்கும். பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கி ஒரு மாதம் பூசியும் பார்த்திருக்கிறார். ஏழு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது, கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1 வீதம். தைரொயிட் சோதனை இயல்பாக இருந்தது. மூட்டுவாதத்துக்குரிய காலை இறுக்கமோ மூட்டு வீக்கமோ இருக்கவில்லை.

கூட வந்த மகள் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "அந்த ஸ்கானிலை ஒண்டும் இல்லையெண்டு போட்டிருக்கு. பிறகேன் திருப்பி எடுக்கிறியள்?" நாட்கூலி இழந்து, பேருந்துக்குக் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இரண்டாவது ஸ்கான் என்பது சிறிய விடயமல்ல. அம்மாவின் கை சொல்வதும் தாள் சொல்வதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றும், அப்படியான நேரத்தில் தாளைத்தான் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்றும் விளங்கப்படுத்தினேன்.

பரிசோதனை

வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றிலும் மோதிரவிரலின் பெருவிரல் பக்கத்துப் பாதியிலும் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தது. மோதிரவிரலை நடுவால் பிரித்தது போல ஒரு பாதி மங்கியும் மறுபாதி தெளிவாகவும் இருப்பதைப் பஞ்சால் தொட்டுக் காட்டியபோது நோயாளியே வியந்தார். பெருவிரல் மேட்டின் தோலில் உணர்ச்சி இயல்பாக இருந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. அந்தத் தோலுக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்ரிமீற்றர் முன்னரே பிரிந்து, மணிக்கட்டுக் குகை எனப்படும் ஒடுங்கிய வழிக்குள் நுழையாமல் மேலாகச் செல்கிறது. ஆகவே விரல்கள் விறைத்து அந்த மேடு தப்பியிருந்தால் நெரிபாடு மணிக்கட்டில்தான் என்று கொள்ளலாம். கழுத்தில் ஆறாவது நரம்பு வேர் நெரிபட்டிருந்தால் மோதிரவிரல் இப்படிப் பாதியாகப் பிரியாது. பெருவிரல் பக்கமாக முன்னங்கை வரைக்கும் விறைப்பு ஏறியிருக்கும்.

மணிக்கட்டை மடித்து வைக்கும் ஃபலன் சோதனையில் இருபது செக்கனில் விறைப்பு வந்தது. பெருவிரலை உள்ளங்கைக்குச் செங்குத்தாக உயர்த்தும் தசையின் பலம் ஐந்துக்கு நான்காக இருந்தது. வலது பெருவிரல் மேடு இடதை விடச் சற்றுத் தட்டையாகவும் தெரிந்தது. இடது கையில் இரவு விறைப்பு இடைக்கிடை வருவதாகச் சொன்னார், பலக்குறைவு இல்லை.

அளக்கப்படும் பொருள்

மணிக்கட்டின் பின்புறமும் பக்கங்களும் எலும்புகளாலும், முன்புறம் தடித்த இழையப் பட்டையாலும் அமைந்த ஒடுங்கிய வழி ஒன்றினூடாக ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் கைக்குள் செல்கின்றன. இடம் விரியாது. உள்ளே ஏதாவது தடித்தால் மிருதுவான நரம்புதான் நெரிபடும். கெல்பர்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1981 இல் வெளியிட்ட அளவீடுகளில், நோயற்றவர்களின் மணிக்கட்டுக் குகைக்குள் அழுத்தம் நேரான நிலையில் சராசரி 2.5 மில்லிமீற்றர் பாதரசமாகவும், நோயுள்ளவர்களில் 32 ஆகவும் இருந்தது. நோயுள்ளவர்கள் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடித்தபோது அது 110 வரை உயர்ந்தது. எமது நோயாளி உரலைப் பிழிந்து காட்டிய நிலை துல்லியமாக அதுதான். அதன் மேல் உடற்பாரமும் சேர்கிறது.

நெரிபடும் நரம்பு பட்டைக்குக் கீழே ஒடுங்கி, அதற்குச் சற்று முன்னால் வீங்குகிறது. நரம்பினுள் ஓடும் பொருட்களின் ஓட்டமும் குருதியின் வடிகாலும் தடைப்பட்டு, அணையின் மேற்புறத்தில் நீர் தேங்குவது போல அங்கே தேங்குகின்றன. பாரிஸில் மாரியும் ஃபுவாவும் 1913 இல் பிரேத பரிசோதனையில் இந்த வீக்கத்தைக் கண்ணால் கண்டு விபரித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் புக்பெர்கரும் உடனிருந்தோரும் அதே வீக்கத்தை, உயிருள்ளவர்களில், தோலை வெட்டாமல் அல்ட்ராசவுண்டில் அளந்து காட்டினார்கள். ஆகவேதான் நாம் ஒடுங்கிய இடத்தை விட்டுவிட்டு, குகையின் வாசலில், சிறுவிரல் பக்கத்தில் தட்டுப்படும் கடலை போன்ற பிசிஃபோம் எலும்பின் மட்டத்தில் அளக்கிறோம்.

அந்த மட்டத்தில் 10 சதுர மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் நோய் இருக்கலாம் என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. ஆனால் வெவ்வேறு ஆய்வுகள் ஏறத்தாழ 8.5 இலிருந்து 12 வரையும் அதற்கு மேலும் எல்லை வகுத்திருக்கின்றன. எல்லை இப்படி அசைவதற்கு ஆட்களின் உடலமைப்பு ஒரு காரணம் என்றால், அளக்கும் முறை இன்னொரு காரணம். நரம்பைச் சுற்றி வெண்மையாகத் தெரியும் உறையை உள்ளடக்கிக் கோடு வரைவதா, அதன் உள் விளிம்பில் வரைவதா என்பது அற்பமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள நரம்பை ஒரு வட்டமாகக் கொண்டால் அதன் ஆரை 1.78 மில்லிமீற்றர். கோடு சுற்றிவர 0.3 மில்லிமீற்றர் வெளியே தள்ளிப்போனால் பரப்பு 13.6 ஆகிவிடும், அதே அளவு உள்ளே போனால் 6.9 தான் வரும். ஓர் இடியப்ப இழையின் தடிப்பைவிடக் குறைந்த தவறு, நோயுள்ளவரை நோயற்றவராகவும் நோயற்றவரை நோயுள்ளவராகவும் மாற்றப் போதுமானது. இதனால் எமது நிலையத்தில் எல்லோரும் வெண்ணிற உறையின் உள் விளிம்பிலேயே கோடு வரைவதென்றும், மூன்று தடவை அளந்து சராசரியை எழுதுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டாவது ஸ்கான்

நோயாளியை எதிரே இருத்தி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்னங்கையைத் தலையணையில் வைத்து, மணிக்கட்டை நேராகவும் விரல்களைத் தளர்வாகவும் விடச் சொன்னோம். தோலில் வைத்துப் படமெடுக்கும் கருவிமுனையாக 15 மெகாஹேட்ஸ் நேர்கோட்டுப் புரோப் பயன்படுத்தப்பட்டது. ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப்பின் பாரம் தோலில் இறங்காமல் கையை மேசையில் ஊன்றிப் பிடித்தேன். அழுத்தினால் நரம்பு தட்டையாகும், வடிவம் மாறும், சிறிய குருதிக்குழாய்கள் மூடிக்கொள்ளும். இந்த நோயாளியில் அந்தக் கடைசி விடயம் மிக முக்கியமாக அமைந்தது.

மணிக்கட்டிலிருந்து தொடங்காமல் முன்னங்கையின் நடுவிலிருந்து தொடங்கினேன். இது எனது வழக்கம். இளம் வைத்தியர்களுக்கும் இதையே வற்புறுத்திச் சொல்வேன். முன்னங்கையில் நரம்பு இரண்டு தசைப் படைகளுக்கு நடுவே தனியாகக் கிடப்பதால் அதை வேறெதனோடும் குழப்ப முடியாது. நன்றாகத் தெரியும் நரம்பின் குறுக்குவெட்டு, அறுத்த பனங்குற்றியின் முகத்தைப் போலிருக்கும்: வெளிர் நிறத்தின் நடுவே கருமையான புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். கரும்புள்ளிகள் நரம்பிழைக் கற்றைகள். வெளிர் நிறம் அவற்றைச் சூழ்ந்த இணைப்பிழையம். அங்கே பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் மணிக்கட்டை நோக்கி மெதுவாக இறங்க வேண்டும்.

இறங்கும்போது, மணிக்கட்டு மடிப்புக்குச் சில சென்ரிமீற்றர் மேலே, அந்த ஒற்றைப் பனங்குற்றி முகம் இடுப்புச் சுருங்கியது போலானது. இன்னும் சற்று இறங்கியதும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் அளவான ஒரு கருவட்டம் தெரிந்தது. புரோப்பை ஏறத்தாழத் தூக்கிவிடும் அளவுக்குத் தளர்த்தி, குருதியோட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளரைப் போட்டதும் அந்த வட்டம் நாடித்துடிப்போடு சிவந்து சிவந்து மறைந்தது. கருவில் கைக்குக் குருதி கொடுத்து, பின்னர் பெரும்பாலானோரில் மறைந்துவிடும் மீடியன் தமனி இவரில் மறையாமல் தங்கியிருந்தது. இரு கிளை நரம்பும் இந்தத் தமனியும் பல வேளைகளில் சேர்ந்தே காணப்படும்.

பிசிஃபோம் மட்டத்தில் பெருவிரல் பக்கத்துக் கிளை 9 சதுர மில்லிமீற்றர், சிறுவிரல் பக்கத்துக் கிளை 7. கூட்டினால் 16. முதல் அறிக்கையில் எழுதப்பட்டிருந்த 9 எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. முதலில் அளந்தவர் கவனமாகவே அளந்திருக்கிறார். அவர் கோடு வரைந்த கிளையில் நாமும் அதே எண்ணைத்தான் பெற்றோம். ஆனால் மணிக்கட்டில் நேரடியாகப் புரோப்பை வைத்து, படத்தை நிறுத்தி, நரம்பு போலத் தெரிந்த ஒன்றைச் சுற்றி வரைந்தால் மற்றக் கிளையைத் தசைநாண் என்று நினைத்துக் கடந்துவிடுவது மிக எளிது. நடுவே தமனி அழுத்தத்தால் மூடியிருந்தால் அந்த இடைவெளி நரம்பின் எல்லை போலவே தோற்றமளிக்கும்.

இரண்டாவது கிளை தசைநாண் அல்ல என்பதை மூன்று வழிகளில் உறுதிப்படுத்தினோம். புரோப்பைச் சில பாகை சரித்தபோது பக்கத்திலிருந்த தசைநாண்கள் உடனே கறுத்து மங்கின. கிளையின் தோற்றம் அவ்வளவாக மாறவில்லை. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னபோது தசைநாண்கள் வழுக்கி ஓடின, கிளை சற்றே அசைந்து அங்கேயே நின்றது. எல்லாவற்றையும் விட வலுவான சான்று, அதைப் பின்தொடர்ந்து மேலே ஏறியபோது மற்றக் கிளையோடு சேர்ந்து ஒன்றானது. எமது நிலையத்திலுள்ள இன்னொரு வைத்தியரை, என் எண்ணைக் காட்டாமல், தனியாக அளக்கச் சொன்னேன். அவருக்கு மூன்று தடவையும் முறையே 15, 16, 16 வந்தது. எனக்கு 16, 16, 17.

முன்னங்கையோடு ஒப்பிடல்

இந்த நோயாளிக்கு நீரிழிவு இருப்பதால் 16 என்ற எண்ணையும் தனியே வைத்து முடிவு சொல்ல நான் விரும்பவில்லை. நீரிழிவால் நரம்புகள் பரவலாகப் பாதிக்கப்பட்டவர்களில், நெரிபாடு இல்லாத இடத்திலும் நரம்பு சற்றுத் தடித்திருக்கலாம். அதுபோல இரு கிளை நரம்பு, நோயற்றவர்களிலும்கூட, ஒற்றை நரம்பை விடக் கூடுதலான மொத்தப் பரப்பைக் காட்டக்கூடும். இரண்டு காரணங்களும் ஒரே ஆளில் சேர்ந்திருக்கும்போது, வெளியாரிடம் இரவல் வாங்கிய எல்லையை விட அவருடைய முன்னங்கையே நம்பத்தக்க அளவுகோல்.

இன்ஸ்புருக்கைச் சேர்ந்த கிளவுசரும் உடனிருந்தோரும் 2009 இல் முன்வைத்த முறைப்படி, முன்னங்கையின் கீழ்ப்பகுதியிலுள்ள புறொனேற்றர் குவாட்றேற்றஸ் தசையின் மட்டத்தில் ஒரு தடவையும் மணிக்கட்டில் ஒரு தடவையும் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் 2 சதுர மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் நெரிபாட்டைக் குறிக்கும். அதே குழு 2011 இல் இரு கிளை நரம்புகளுக்கு அந்த எல்லையை 4 என்று உயர்த்தியது. இவரது முன்னங்கையில் நரம்பு 8 சதுர மில்லிமீற்றர்; வித்தியாசமும் 8. மணிக்கட்டு அளவை முன்னங்கை அளவால் வகுத்தால் 2.0 வருகிறது, 1.4 ஐ எல்லையாகக் கொள்ளும் விகித முறையிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. முதல் அறிக்கையின் 9 ஐ வைத்து இதே கழித்தலைச் செய்திருந்தால் 1 தான் வந்திருக்கும். அதாவது, ஒப்பீடு செய்தாலும் தவறிய கிளை தவறியதாகவே இருந்திருக்கும். நரம்பை மேலிருந்து கீழாகப் பின்தொடர்வதற்கு மாற்று எதுவுமில்லை என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

இடது கையில் ஒற்றை நரம்பு. மணிக்கட்டில் 11, முன்னங்கையில் 8, வித்தியாசம் 3.

நரம்புக் கடத்தல் சோதனை

நரம்பின் உருவம் ஒன்று, வேலை வேறொன்று. உருவத்தை அல்ட்ராசவுண்ட் காட்டும். நரம்பினூடாகச் செய்தி எவ்வளவு விரைவாகப் போகிறது, எத்தனை இழைகள் மிஞ்சியிருக்கின்றன என்பதைக் கடத்தல் சோதனைதான் சொல்லும். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் கடத்தல் தாமதமாவதை சிம்சன் 1956 இல் காட்டியதிலிருந்து அந்தச் சோதனை இந்த நோயின் அடிப்படையாக இருந்து வருகிறது. நரம்பு, தசை மின்னியல் துறையின் அமெரிக்க சங்கம் 2012 இல் வெளியிட்ட வழிகாட்டலும், மணிக்கட்டில் மீடியன் நரம்பின் பரப்பை அளப்பது துல்லியமான கண்டறியும் சோதனை என்று ஏற்றுக்கொண்டதோடு, கடத்தல் சோதனையோடு சேர்த்துச் செய்தால் உடலமைப்பு வேறுபாடுகளையும் கண்டறியலாம் என்ற கருத்தை முன்வைத்தது. கடத்தல் சோதனை இயந்திரம் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை, அல்ட்ராசவுண்டோ பரவலாக உண்டு. அதனால் பல நோயாளிகளுக்கு அல்ட்ராசவுண்ட் மட்டுமே கிடைக்கிறது. அதைச் சரியாகச் செய்யும் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

வலது கையில் பெருவிரல் மேட்டுத் தசைக்கு மின்தூண்டல் சென்றடைய 5.6 மில்லிசெக்கன் எடுத்தது. எமது மேலெல்லை 4.4. சுட்டுவிரலிலிருந்து உணர்ச்சி நரம்பின் வேகம் செக்கனுக்கு 34 மீற்றர், அலையின் உயரமும் குறைவு. சிறுவிரல் பக்கத்து அல்நார் நரம்பும் காலின் உணர்ச்சி நரம்பும் இயல்பாக இருந்தன. ஆகவே நீரிழிவால் வந்த பொதுவான நரம்புப் பாதிப்பு இதற்குக் காரணமல்ல. இடது கையில் தசைக்கான நேரம் 4.1 மில்லிசெக்கன் என இயல்பாக இருந்தாலும், மோதிரவிரலில் மீடியன் வழியாகவும் அல்நார் வழியாகவும் அளந்த நேரங்களுக்கிடையில் 0.9 மில்லிசெக்கன் வித்தியாசம் இருந்தது. இது ஆரம்ப நிலை நெரிபாடு.

சிகிச்சை

இரு கைகளுக்கும் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி கொடுக்கப்பட்டது. ஆறு வாரத்தில் இடது கை விறைப்பு நின்றது. வலது கையில் இரவு எழும்புவது குறைந்தாலும், பகல் விறைப்பும் பெருவிரலின் பலக்குறைவும் மாறவில்லை. ஸ்ரெரொயிட் ஊசியைப் பற்றி நோயாளியோடும் மகளோடும் விரிவாகப் பேசினோம். ஊசி சில மாதங்களுக்குச் சுகம் தரலாம், நீரிழிவுள்ளவருக்குச் சில நாட்கள் சீனி ஏறலாம். ஆனால் தசை மெலியத் தொடங்கிய ஒரு கையில் காலத்தைக் கடத்துவதே பெரிய இழப்பு என்பது எனது கருத்தாக இருந்தது. சத்திரசிகிச்சை நிபுணரும் அதையே சொன்னார்.

அவருக்கு அனுப்பிய கடிதத்தில் பரப்பளவைக் காட்டிலும் தமனியைப் பற்றியே கூடுதலாக எழுதினோம்: எந்த மட்டத்தில் நரம்பு பிரிகிறது, தமனி எந்தப் பக்கத்தில் கிடக்கிறது, பட்டைக்கு அது எவ்வளவு கிட்டவுள்ளது என்பவற்றைப் படத்தோடு கொடுத்தோம். சிறிய துளையினூடாக வெட்டும் முறையைத் தவிர்த்து, உள்ளங்கையைத் திறந்து நேரில் பார்த்தே பட்டையை வெட்டுவதென்று அவர் தீர்மானித்தார். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு சத்திரசிகிச்சை நடந்தது. இரு கிளைகளும் நடுவே துடிக்கும் தமனியும் படத்தில் இருந்தபடியே இருந்தன. தமனியில் குருதிக்கட்டி இருக்கவில்லை, அது காப்பாற்றப்பட்டது.

பின்தொடர்தல்

சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் வாரத்திலேயே இரவு விறைப்பு நின்றது. மூன்று மாதத்தில் இரு கிளைகளின் மொத்தப் பரப்பு 13 ஆகவும் ஆறு மாதத்தில் 12 ஆகவும் குறைந்தது. முன்னங்கை அளவு 8 இலேயே நின்றது. தசைக்கான நேரம் 5.6 இலிருந்து 4.6 மில்லிசெக்கனுக்கு இறங்கியது. நெடுநாள் நெரிபட்ட நரம்பின் பரப்பு சுகமான பின்னும் முற்றாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பது வழமையே. ஆகவே அடுத்த வருடம் எங்காவது ஒருவர் இவரது வலது மணிக்கட்டை அளந்து 12 என்ற எண்ணை மட்டும் பார்த்து, நோய் திரும்பிவிட்டதென்று முடிவு செய்யக்கூடாது. இதைத் தவிர்க்க, அளவுகள் எல்லாவற்றையும் திகதியோடு ஒரே தாளில் எழுதி, நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுத்தோம்.

இந்த நிகழ்வுக்குப் பின் எமது அறிக்கையின் அமைப்பையும் மாற்றினோம். முன்பு நாமும் ஓர் எண்ணும் "இயல்பு" அல்லது "கூடியது" என்ற ஒரு சொல்லும் மட்டுமே எழுதி வந்தோம். இப்போது அளந்த மட்டம், மணிக்கட்டின் நிலை, கோடு ஓடிய விளிம்பு, நரம்பு ஒன்றா இரண்டா, தமனி உண்டா, முன்னங்கை அளவு என்ன என்பவை எழுதப்படாத அறிக்கை வெளியே போவதில்லை. முதல் ஸ்கான் எடுத்த இடத்துக்கும் எமது படங்களை அனுப்பி வைத்தோம். அங்கிருந்து, தாங்கள் சேமித்து வைத்திருந்த படத்திலும் இரண்டாவது கிளை தெரிவதாகப் பதில் வந்தது. அந்தப் பழைய படத்தையும் எமக்கு அனுப்பியிருந்தார்கள். கோடு வரையப்பட்ட கிளைக்குப் பக்கத்திலேயே, சற்றுச் சரிந்து, எட்டோ ஒன்பதோ கரும்புள்ளிகளோடு மற்றது கிடந்தது. தமனி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய வெண்கோடு மட்டுமே இருந்தது. புரோப்பின் அழுத்தத்தில் அது மூடியிருந்தது.

நோயாளி இப்போது மீண்டும் இடியப்பம் அவிக்கிறார்; காலையில் நூற்றைம்பதுக்கு மேல் பிழிவதில்லை. மிச்சத்தை மகள் பிழிகிறார். பிழியும் பலகையை ஒரு சாண் தாழ்த்தி, கைப்பிடிகளுக்குச் சீலை சுற்றித் தடிப்பாக்கி, மணிக்கட்டு மடியாமல் முன்னங்கை நேராக இறங்கும்படி மாற்றிக்கொண்டார்கள். இடது கையின் அளவு கடைசி வருகையில் 11 இலேயே இருந்தது, வித்தியாசம் 3. இரவில் பட்டி போட்டுவந்தால் விறைப்பு இல்லை. வேலை கூடிய திருவிழா நாட்களில் பட்டியை மறந்தால் வருகிறது. அந்தக் கையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதே மட்டத்தில், அதே விளிம்பில், முன்னங்கையோடு சேர்த்து அளந்து வருகிறோம்.